வெளிச்சத்தைக் கூட்டினால் போய்விடும்

பொதட்டூர்பேட்டையில் கரண்ட் போகும்போதுதான்
எங்களுக்குக் காது இருப்பது தெரியும்.
பதினாறு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
நாடா பாதி வழியில் கிடந்தது.
அப்போதுதான் கேட்டது,
கணக்கு மேசையில், பழைய லேப்டாப்பின் திரையிலிருந்து
கண்ணாடியில் ஊசியை இழுத்த மாதிரி ஒரு கீச்சு.

"கொசு" என்றார் முதலாளி துளசிங்கம்.
கொசு இடம் மாறும்.
இது மாறவில்லை.

மூடினேன், நின்றது. திறந்தேன், வந்தது.
ஸ்பீக்கரை ஊமையாக்கினேன். அப்போதும் வந்தது.
விசிறி மூச்சுவிடும் ஓட்டையில் காது வைத்தேன்:
சூடு, கொஞ்சம் பஞ்சு, வேறொன்றுமில்லை.
திரையின் கீழ்விளிம்பில்
கம்பெனிப் பெயர் தேய்ந்துபோன இடத்துக்கு
இரண்டு விரல் இடப்பக்கம் காதை ஒட்டியபோது
பல் கூசியது.
கட்டைவிரலால் அழுத்தினேன், சுருதி இறங்கியது.
விட்டேன், பழையபடி.

கரண்ட் வந்ததும் தறிகள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டன.
கீச்சு நின்றுவிட்டதா, மூழ்கிவிட்டதா?
ஒரு வாரம் கூலிக்கணக்கில் இரண்டு இடத்தில் தப்பு விட்டேன்.

ஆடிக் கிருத்திகைக்கு
பேட்டையே காவடியோடு திருத்தணிக்குப் போயிருந்தது.
சாவி வாங்கிவந்து தனியாக உட்கார்ந்தேன்.
சார்ஜர் செருகியிருந்தால் சத்தமில்லை.
பிடுங்கினால் திரை ஒரு படி மங்கும்,
கூடவே கீச்சு.
மறுபடி செருகி, நானே பொத்தான் அழுத்தி மங்கவைத்தேன்.
கீச்சு.
முழு வெளிச்சம். போயிற்று.
'கரண்ட் போவது காரணமில்லை, மங்குவதுதான்' என்று
பாவுச் சீட்டின் பின்பக்கம் எழுதி அடிக்கோடிட்டேன்.
அடங்கு என்றால் கீச்சிடுகிறது.
எங்கள் வீட்டில் என்னைப் பற்றியும்
இப்படித்தான் சொல்வார்கள்.

எல்லை தாண்டினால் நகரி.
ரயில்வே கேட் பக்கம் மஸ்தான்வலி கடை.
மங்கவைத்துக் காட்டினேன்.
தலையைச் சாய்த்தார், இந்தக் காது, அந்தக் காது.
"நாக்கு ஏமி வினபடலேதம்மா."
எனக்கு ஒன்றும் கேட்கலையேம்மா.
செல்போன் கடை போடுமுன்
பன்னிரண்டு வருஷம் தறி ஓட்டியவர்.

மேசைக்கடியில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த அவர் மகள் நஸ்ரீன்
பென்சிலைப் போட்டுவிட்டு
இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.
அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
கேட்காத சத்தத்தை நம்பி
திருப்புளியை எடுத்தார்.

உள்ளே கோணி ஊசி நீளத்தில் ஒரு பட்டை.
இன்வெர்ட்டராம்.
திரைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய குழல் விளக்கைக்
குறைக்க அதற்குத் தெரியாதாம்;
அணைத்து ஏற்றி, அணைத்து ஏற்றி,
குறைத்த மாதிரி காட்டுமாம்.
அந்த உதறலில் சுருள் தளர்ந்து பாடுகிறதாம்.
"புதுசு கிடைக்காது. பழசு போட்டால் அதுவும் பாடும்."
சுருளில் ஒரு சொட்டு வார்னிஷ் விட்டார்.
நஸ்ரீன் கையை எடுத்துப் பார்த்து,
கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றாள்.
எண்பது ரூபாய்.
"ஃபுல் வெளிச்சத்திலேயே வை. பேட்டரி சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்."

நாலு வருஷம் அப்படியே வைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கரண்ட் போனது.
தறி நின்றது. திரை மங்கியது.
கூட்ட மறந்து
மூன்று பேர் கூலியை எழுதி முடித்த பிறகுதான்
நினைவு வந்தது.
சத்தமில்லை.
இன்னும் மங்கவைத்தேன், எழுத்தே தெரியாத அளவுக்கு.
விளிம்பில் காது வைத்தேன். வெதுவெதுப்பு.
கட்டைவிரலால் அழுத்தினேன், விட்டேன்.

"நின்னுடுச்சா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே,
கொசுன்னு" என்றார் துளசிங்கம்,
இரண்டு தடவை கேட்டபிறகு.

நஸ்ரீன் இப்போது எட்டாவது படிப்பாள்.
ஐந்தேகாலுக்கு நகரி பஸ்.
லேப்டாப்பைப் பையில் வைத்தேன்.
வெளியே எடுத்தேன்.
பதினோராயிரம் கூலி பாக்கி
இன்னும் எழுதாமல் கிடந்தது.